இ.சி.ஆர்-ல குதிரைப் பண்ணை வீடு: வாங்கலாமா? ஒரு சி.ஏ-வோட கணக்கு



"கடலுக்கு நடந்து போற தூரம். அரை ஏக்கர் தோட்டம், ஓடு போட்ட பண்ணை வீடு, குதிரை லாயம். திங்கள்கிழமை ஆபீஸ், சனிக்கிழமை குதிரை சவாரி." இந்த மாதிரி விளம்பரம் உங்க மொபைல்லயும் வந்திருக்கும். மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரைக்கும் இப்படி விற்பனை நடக்குது. நம்ம சேனல் பார்க்கிற பலருக்கும் இதுல ஒரு கண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பளத்தை நம்பி வாழுற, 35 வயசுக்குள்ள இருக்கிற ஒருத்தர் இதை "முதலீடு"ன்னு நினைச்சு வாங்கக் கூடாது. ஆசைக்கு வாங்குறீங்கன்னா அது உங்க உரிமை. ஆனா அதை ஆசைக்கான செலவுன்னே கணக்குல எழுதுங்க. ஏன்னு பார்ப்போம்.

ஒரே பில்லுல மூணு பொருள்

நிலம், வீடு, குதிரை மூணையும் சேர்த்து ஒரே விலை சொல்றாங்க. ஆனா மூணோட குணமும் வேற. நிலத்தோட விலை காலப்போக்குல ஏறலாம். வீடு வருஷா வருஷம் தேயும். அதுவும் கடற்கரையில உப்புக்காத்து கேட், கம்பி, மோட்டார் எதையும் விடாது. குதிரை தினமும் சாப்பிடும். நீங்க வந்தாலும் வராட்டியும் சாப்பிடும்.

சுமார் 450 கிலோ இருக்கிற ஒரு குதிரை தினமும் தன் எடையில 2 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 9 கிலோ உலர்ந்த தீவனம் சாப்பிடும். 30 லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவணும், தேவைப்பட்டா லாடம் மாத்தணும். அது கூட்டமா வாழுற மிருகம், தனியா ஒண்ணை மட்டும் கட்டி வச்சா ஏங்கிப் போயிடும். அதனால குறைஞ்சது ரெண்டு வேணும். நல்லாப் பார்த்துக்கிட்டா 25 வருஷம்கூட இருக்கும். உங்க ஹோம் லோனை விட நீண்ட பொறுப்பு! மணல் தரையில தீவனம் போட்டா மணலும் வயித்துக்குள்ள போய் வலி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்துக்குக் குதிரை வைத்தியம் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல இருக்காரான்னு எந்த புரோக்கரும் சொல்றதில்ல.

கணக்கு போடலாமா?

கீழே இருக்கிற தொகை எல்லாம் புரியறதுக்காக நான் வச்ச அனுமானம். இடத்துக்கு இடம் மாறும். உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

- 50 சென்ட் நிலம்: 40 லட்சம்
- பண்ணை வீடு: 20 லட்சம்
- காவலாளி, கரண்ட், வேலி, பராமரிப்பு: மாசம் 23,000
- ரெண்டு குதிரைக்குத் தீவனம், ஒரு பராமரிப்பாளர், லாடம், வைத்தியம்: மாசம் 43,000

ஆக மாசம் 66,000, வருஷத்துக்கு 7.92 லட்சம். மாசம் ஒரு தடவை ரெண்டு ராத்திரி தங்குறீங்கன்னு வைங்க, வருஷத்துக்கு 24 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 33,000 ரூபாய். போட்ட 60 லட்சம் 7 சதவீத வட்டியில இருந்திருந்தா வருஷம் 4.2 லட்சம் வந்திருக்கும். அதையும் சேர்த்தா ஒரு ராத்திரிக்கு 50,500!

குதிரையே வேணாம்னாலும் பராமரிப்பு மட்டும் ராத்திரிக்கு 11,500 ஆகுது. இதுல பத்திரச் செலவை நான் சேர்க்கவே இல்ல. தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நிலத்துக்கு மட்டுமே 3.6 லட்சம்.

குதிரையேற்றம் கத்துக்கணும்னா ஒரு பயிற்சிப் பள்ளியில மாசக் கட்டணம் கட்டிக் கத்துக்கோங்க. பிடிக்கலைன்னா அடுத்த மாசம் நிறுத்திடலாம். சொந்தக் குதிரையை அப்படி நிறுத்த முடியாது.

"வரியே கிடையாது சார்"

இங்கதான் ஒரு சி.ஏ-வா எனக்குக் கோபம் வருது. மூணு கதை சொல்லுவாங்க.

முதல் கதை: "பண்ணை வருமானம், வரி இல்ல." நிலத்துல உழுது பயிர் செஞ்சு வர்ற வருமானம்தான் விவசாய வருமானம். நிலத்துல அடிப்படை வேலை நடக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1957-லயே சொல்லிடுச்சு. சவாரிக் கட்டணம், வாடகைக்கு ரூம் விடுறது, குதிரைக்குட்டி விக்கிறது எதுவும் இதுல வராது. அதெல்லாம் வரி கட்ட வேண்டிய வருமானம். உண்மையான விவசாய வருமானமே 5,000 ரூபாயைத் தாண்டினா, உங்க சம்பளத்துக்கான வரியைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.

ரெண்டாவது கதை: "விக்கும்போது வரி இல்ல." கிராமப்புற விவசாய நிலத்துக்கு மட்டும் இது உண்மை. ஆனா "கிராமப்புறம்"னா என்னன்னு சட்டம் அளந்து சொல்லுது. நகராட்சி மாதிரியான ஊரோட மக்கள்தொகை 10,000-க்கு மேல ஒரு லட்சம் வரைன்னா எல்லையில இருந்து 2 கி.மீ, பத்து லட்சம் வரைன்னா 6 கி.மீ, அதுக்கு மேலன்னா 8 கி.மீ தள்ளி இருக்கணும். அதுவும் ரோட்டு வழியா இல்ல, நேர்கோட்டுல. மனையா மாத்தின நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. வீட்டோட பங்கையும் தனியாப் பார்க்க வேண்டி வரும்.

மூணாவது கதை: "லோன் போட்டா டேக்ஸ் மிச்சம்." விவசாய நிலம் வாங்க பொதுவா ஹோம் லோன் கிடைக்காது. பர்சனல் லோன்தான் வாங்குவீங்க, அதோட வட்டி எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். புது வரி முறையில, நாமே பயன்படுத்துற வீட்டோட கடன் வட்டிக்கும் கழிவு இல்ல.

நிலத்துலயே சிக்கல் இருக்கா?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட், உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரை வரும். 2019 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில மக்கள் நெருக்கம் ஒரு சதுர கி.மீ-க்கு 2,161 பேருக்கு மேலன்னா முதல் 50 மீட்டர், அதுக்குக் குறைவுன்னா முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2011 அறிவிக்கையில கிராமப்புறம் முழுக்கவே 200 மீட்டர். எந்த வரைபடம் உங்க சர்வே நம்பருக்குப் பொருந்துதுன்னு எழுத்துல கேளுங்க. முட்டுக்காடு மாதிரி உப்பங்கழி ஓரத்துக்கும் தனி விதி இருக்கு. "கடலே தெரியும் சார்"னு அவர் சொல்ற அதே விஷயம்தான் உங்க வீட்டுக்கு ஆபத்தா முடியலாம்.

செங்கல்பட்டு பக்கம் இன்னொரு விஷயம்: பஞ்சமி நிலம். 1892-ல இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு ஒதுக்கப்பட்ட நிலம் அது. அந்தச் சமூகத்தைச் சேராதவங்க வாங்கினா செல்லாது. சட்டச் சிக்கலை விடுங்க, அது இன்னொருத்தரோட உரிமை. ஏ-ரெஜிஸ்டர் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. மேய்க்கால், புறம்போக்கு இருக்கான்னும் பாருங்க.

விவசாய நிலத்தைச் சின்னச் சின்னதா வெட்டி, ரோடு போட்டு, டி.டி.சி.பி அனுமதி இல்லாம வித்தா அது அங்கீகாரம் இல்லாத மனை. 2016-ல சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாதிரிப் பதிவுகளுக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கா? நல்ல காசு கொடுத்து வாங்கின ஆயிரக்கணக்கானவங்க தவிச்சாங்க.

புயலையும் மறக்காதீங்க. 2011 டிசம்பர்ல தானே, 2024 நவம்பர்ல ஃபெஞ்சல், ரெண்டும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரை கடந்துச்சு. அப்படி ஒரு ராத்திரி நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க. லாயத்துல இருக்கிற ரெண்டு உயிரை யார் பார்ப்பாங்க?

"நாங்களே நடத்தி மாசா மாசம் பணம் தர்றோம்"

இதைக் கேட்டா உடனே எழுந்து வந்துடுங்க. பலர்கிட்ட பணம் திரட்டி, அவங்க சார்பா சொத்தை நிர்வாகம் பண்ணி, லாபம் தர்றேன்னு சொன்னா அது கூட்டு முதலீட்டுத் திட்டம். செபி பதிவு இல்லாம நடத்துறது சட்டவிரோதம். நிலத்தைக் காட்டிப் பணம் வாங்கின பி.ஏ.சி.எல் நிறுவனத்தை, 2014-ல 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி செபி உத்தரவு போட்டது. தொண்ணூறுகள்ல தேக்கு, 2012-ல பெருந்துறை ஈமு கோழி. மரம் போய்க் கோழி வந்துச்சு. இப்ப குதிரை வந்திருக்கு, அவ்வளவுதான்.

அப்ப யார்தான் வாங்கலாம்?

இந்த அஞ்சுக்கும் "ஆமா"ன்னு பதில் இருந்தா வாங்குங்க:

1. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ் ரெடியா இருக்கு.
2. கடன் வாங்காம வாங்க முடியும்.
3. இதோட மதிப்பு உங்க மொத்த சொத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல போகாது.
4. 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் எல்லாத்தையும் விக்கிறவருக்குச் சம்பந்தமில்லாத வக்கீல் பார்த்துட்டார்.
5. அஞ்சு வருஷம் விக்க முடியலைன்னாலும் வீட்டுச் செலவு பாதிக்காது.

கடைசியா ஒண்ணு. ஊர்ல இருக்கிற அப்பாவோட நிலத்தை வித்துட்டு இ.சி.ஆர்-ல பண்ணை வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க இருக்கீங்க. அந்த நிலத்தோட வரலாறு உங்க குடும்பத்துக்குத் தெரியும். கிணத்துல எந்த மாசம் தண்ணி வத்தும், பக்கத்து வரப்புக்காரர் எப்படின்னு அப்பாவுக்குத் தெரியும். அதை வித்து, எதுவுமே தெரியாத மணல்ல போடுறதுக்கு முன்னாடி அவர்கூட உட்கார்ந்து ஒரு தடவை பேசுங்க. தோட்டமும் வீடும்தான் ஆசைன்னா, அதுக்கான இடம் ஏற்கெனவே உங்க குடும்பத்துக்கிட்ட இருக்கலாம்.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைப் பத்திச் சொல்லுவாங்க. இந்த முதலீடும் அப்படித்தான். பணம் போடும்போது வாயைத் திறக்கும், திருப்பிக் கேட்கும்போது மூடிக்கும்.

உங்க நண்பர் யாராவது இந்த வாரம் சைட் விசிட் போறார்னா, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அவருக்கு அனுப்பிடுங்க. பட்டா, வில்லங்கம், ஏ-ரெஜிஸ்டர் மூணையும் எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.