அட்வான்ஸ் நம் பணம் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

போன வாரம் நம் சொந்தத்தில் ஒரு தம்பி போன் செய்தார். பேர் போடவில்லை, அவருக்கே தெரியும். சேலையூர் பக்கம் மேலும் கீழுமாக நான்கு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒன்றில் நான்கு வருடம் குடியிருந்த குடும்பம் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. அட்வான்ஸ் இன்னும் போய்ச் சேரவில்லை.

“அண்ணே, அந்தப் பையன் உங்க ஸ்டூடண்டாம். தினம் போன் பண்ணி உயிரை எடுக்கிறான். புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தரேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அடங்கிடுவான்” என்றார்.

ஒரு வார்த்தை சொல்கிறேன். ஆனால் அவனுக்கு இல்லை தம்பி, உங்களுக்கு.

கணக்கு வாத்தியாரிடம் வந்தால் முதலில் கணக்குதான் வரும். வாடகை 12,000. பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. வங்கி வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 8,400 ரூபாய். நான்கு வருடத்தில் 33,600, அதுவும் தனிவட்டியில். அதாவது அந்தப் பையன் கொடுத்துவந்த வாடகை 12,000 இல்லை, 12,700. இந்தக் கூடுதல் 700 எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. தம்பி அந்தப் பணத்தை வங்கியிலும் போடவில்லை. மொட்டைமாடியில் ஒரு ரூம் எழுப்பிவிட்டார். அந்த ரூமுக்கும் இப்போது வாடகை வருகிறது! இப்போது கையில் பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது யாருடைய குற்றம்?

பையனிடமும் பேசினேன். பழைய அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாக வேண்டும் அல்லவா? மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறான். அவன் பணம் நம் தம்பியிடம் சும்மா கிடக்க, அவன் அடகுக்கடைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை இதுதான் நடைமுறை, ஊரோடு ஒத்து வாழ் என்கிறார் தம்பி. ஊர் அப்படி இருக்கலாம், சட்டம் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறது. நம்மாட்கள் மொத்தப் பேரும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். வீடு தேடி அலைந்து களைத்தவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? சரி, பத்து மாதமே வாங்கினீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறதே. “புது ஆள் வந்ததும்” என்று அதில் எங்கும் இல்லை.

அடுத்தது பெயிண்டிங். ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. குழந்தை சுவரில் கிறுக்கியிருந்தால், குடியிருந்தவர் எதையாவது உடைத்திருந்தால் அதற்குப் பிடியுங்கள், நியாயம். நான்கு வருடம் மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்குத்தானே மாதாமாதம் வாடகை?

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டது சரிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் வீட்டின் தரைத்தளம் மூழ்கியது. அங்கே குடியிருந்தவருக்கு ஃப்ரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. ஜனவரியில் காலி செய்தார். சுவரெல்லாம் சேற்றுக் கறை. வழக்கம்தானே என்று பெயிண்டிங்குக்கு 8,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். ஏரி உடைந்து வந்த தண்ணீருக்கு அவரிடம் கூலி வாங்கியிருக்கிறேன்! அவர் ஒன்றும் பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து மனது உறுத்தி அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. இன்னும் அந்த 8,000 என்னிடம்தான் இருக்கிறது.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. தனி மீட்டர் உள்ள வீட்டில் 200 யூனிட் ஓடினால் பில் 300 ரூபாய்க்குள்தான் வரும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று 1,600 வசூலிக்கிறவர்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே மூன்று பேர் உண்டு. காலையில் திருக்குறள் அனுப்புகிறவரும் அதில் ஒருவர்.

வாடகை தராமல் இழுத்தடிப்பவர்கள், பாத்ரூம் குழாயைக்கூடக் கழற்றிக்கொண்டு போனவர்கள் எனக்கும் வாய்த்தார்கள். ரிடையரானவர்களுக்கு வாடகைதான் மருந்துச் செலவு என்பதும் தெரியும். அதற்குத்தான் மூன்று மாத அட்வான்ஸ். அது போதவில்லை என்றால் ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள், தகராறு வந்தால் அங்கே போகலாம். பதிவு செய்தால் வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்று பயந்து வெள்ளைத்தாளில் எழுதிவிட்டு, பிறகு சட்டம் நமக்கு உதவவில்லை என்று அழுவதில் பயனில்லை.

தம்பி, 1,20,000 ரூபாய். பெயிண்டிங் பிடித்தம் கிடையாது. கையில் இல்லையென்றால் அடகுக்கடைக்கு நீங்கள் போங்கள், அவன் நகை வீட்டுக்கு வரட்டும். பணம் அவன் கணக்கில் ஏறியதும் எனக்குப் போன் செய்யுங்கள். அதுவரை செய்ய வேண்டாம்.