நாங்கள் ஓடிப்போனவர்களா?



போன பெருநாள் லீவுக்கு மடவளைக்கு வந்த எங்களில் ஒருவரிடம், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு ஹாஜியார் கேட்டாராம்: "என்ன சேர், டொலருக்காக எங்கட பிள்ளைகள விட்டுட்டு ஓடிட்டீங்களே?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களாம்.

மாலைதீவில் இங்லிஷ் படிப்பிக்கும் மடவளை ஆசிரியர்களான நாங்கள் அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

கட்டாருக்கும் சவூதிக்கும் போன பிள்ளைகளை ஊர் "உழைக்கப் போனவன்" என்கிறது. அவன் அனுப்பும் காசில் வீடு எழும்பினால் மாஷா அல்லாஹ் என்கிறது. அதே கட்டுநாயக்கவால் ஓர் ஆசிரியர் போனால் மட்டும் எப்படி "ஓடிப்போனவர்" ஆகிறார்?

2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் போராடினோம். "வீட்டில இருந்துகொண்டு சம்பளம் எடுக்கிறாங்க" என்று சொன்னவர்களில் நம் கடைத்தெருவும் இருந்தது. அடுத்த வருடம் 200 ரூபாய் இருந்த டொலர் 360 வரை ஏறியது. எங்கள் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. 2022 ஜூனில் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது: சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம், சேவை மூப்புக்கும் பென்ஷனுக்கும் பாதிப்பில்லை. அதன்படி கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

இங்கே சொகுசு என்று நினைக்க வேண்டாம். நாங்கள் இருக்கும் தீவை அரை மணித்தியாலத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஊரில் நீங்கள் சம்பலுக்கு இடிக்கும் மாசி இந்தக் கடலில் பிடித்த மீன்தான். ஆனால் உம்மாவின் கையால் அந்தச் சம்பலைச் சாப்பிட எங்களுக்கு ஒரு வருடம் ஆகிறது. எங்களில் ஒருவர் தன் வாப்பாவின் ஜனாஸாவை வீடியோ கோலில்தான் பார்த்தார்.

ஆனாலும் ஹாஜியார் சொன்னதில் பாதி உண்மை. அதை மறைக்க மாட்டோம்.

போன மாதம் தரம் 10 மாணவி ஒருத்தி வொய்ஸ் அனுப்பியிருந்தாள். "டீச்சர், இங்லிஷ் பாடத்துக்கு இப்ப எங்கள பக்கத்து வகுப்போட சேர்ந்து இருக்கச் சொல்றாங்க. நோட்ஸ் இருந்தா அனுப்புங்களேன்." நாங்கள் விட்டுவந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அன்றிரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்தான்.

ஆனால் நாங்கள் மட்டும்தானா? இத்தனை வருடத்தில் ஓர் இங்லிஷ் ஆசிரியரைக் கேட்டு ஊராக ஒன்றுசேர்ந்து எத்தனை கடிதம் எழுதினோம்? கேட் கட்டக் காசு சேர்ந்தது. விளையாட்டுப் போட்டிக்கு டீ சேர்ட் அடிக்கவும் சேர்ந்தது. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். டியூஷனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது?

இன்னொன்று. "படிப்பிக்கிறவங்க சரியில்ல, அதான் இங்லிஷ் வருதில்ல" என்கிறீர்கள். மடவளை பஸாரில் பத்து வயதுப் பையன் சிங்களத்தில் விலை பேசி வியாபாரம் செய்கிறான். எந்த டியூஷனில் படித்தான்? பிழையாகப் பேசிப் பேசியே பழகினான். இங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. கணக்கையும் விஞ்ஞானத்தையும் இங்லிஷிலேயே கேட்கிறார்கள், இங்லிஷிலேயே பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளை தரம் 3 முதல் 11 வரை ஒன்பது வருடம் படித்தும் ஒரு வசனம் பேசப் பயப்படுகிறது. பிழைவிட்டால் வகுப்பில் சிரிக்கிறார்கள், வீட்டிலும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தக் காசு தேவையில்லை.

எங்கள் லீவு முடியப்போகிறது. திரும்பி வருவதா, வேலையை விட்டு எழுதிக் கொடுப்பதா என்று இரவு இரவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சம்பளத்தை நினைத்தால் வர மனம் வருவதில்லை, பிள்ளைகளை நினைத்தால் இருக்க மனம் வருவதில்லை. ஊர் எங்களை எப்படி வரவேற்கும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. "எவ்வளவு கொண்டுவந்தீங்க?" என்று கேட்கும் ஊருக்கா வருகிறோம், "எப்ப வகுப்பு தொடங்குறீங்க?" என்று கேட்கும் ஊருக்கா?

வெள்ளிக்கிழமை இங்கே பாடசாலை லீவு. இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளி இரவு 8 மணி முதல் ஓ.எல். எழுதும் பிள்ளைகளுக்கு ஸூமில் இங்லிஷ் வகுப்பு எடுக்கிறோம். ஒரு சதமும் வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டிலுள்ள போனைப் பிள்ளையிடம் கொடுங்கள், அது போதும். வெற்றிடத்தை நிரப்பக் கேட்கும் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். பெற்றோர் எல்லோரும் கையெழுத்து வையுங்கள்.

ஹாஜியாரின் பேரப்பிள்ளையும் இந்த வருடம் ஓ.எல். என்று கேள்விப்பட்டோம். அவரையும் அனுப்பிவையுங்கள்.

வஸ்ஸலாம்.