மாணவர் பேரவையில ஜெயிச்சாச்சு... மறுநாள் என்ன வேலை?

நம்ம தம்பியோ தங்கையோ கல்லூரிப் பேரவைத் தேர்தல்ல ஜெயிச்சா மாலை, பட்டாசு, கொடியோட ஒரு போட்டோ. மகிழ்ச்சிதான், கொண்டாடுங்க. ஆனா அந்தப் பதவிக்கு என்ன வேலைன்னு கேட்டா, "கல்ச்சுரல்ஸ் நடத்தணும்" என்பதைத் தாண்டி பல பேருக்கு பதில் வராது.

தலைவர் என்பவர் மேடையில் பேசுபவர் மட்டுமல்ல. மெஸ் சாப்பாடோ, பஸ் கட்டணமோ, எந்தப் புகாரையும் எழுத்துல கொடுத்து, தேதியோட கையெழுத்து வாங்கி, பதில் வரும்வரை விடாம கேட்கணும். செயலாளர் வேலை இன்னும் முக்கியம், யாரும் கைதட்டாத வேலை: கூட்டத்துல நிர்வாகம் சொன்னதை மினிட்ஸ் நோட்டுல ஏத்தணும். ஏத்தலைன்னா அடுத்த செமஸ்டர்ல "அப்படி யார் சொன்னது?"ன்னு முடிச்சிடுவாங்க.

அடுத்து, பணம். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்கணும். 75% வருகைப்பதிவு வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. (இன்ஜினியரிங் பசங்களுக்கு இந்த ஒண்ணு போதும், பாதி வேட்பாளர் காலி!) மாணவர்கள் விரும்பித் தரும் நன்கொடையைத் தவிர வேறு எங்கிருந்தும் பணம் வாங்கக் கூடாது. அதாவது கட்சியிடமிருந்தும் கூடாது. நம்ம கட்சியும் இதுல அடக்கம்.

இதை நம்ம பக்கத்துலயே சொல்றோம். ஜெயிச்சவர் நம்ம ஆள்னு மாநாட்டுக்கு பஸ் நிரப்பச் சொல்லி அவருக்கு போன் போடாதீங்க. அவருக்கு ஓட்டுப் போடாத பையனும் ஹால் டிக்கெட் பிரச்சனைன்னா அவர்கிட்டதான் வரணும். கரை வேட்டியைப் பார்த்து அவன் தயங்கி நின்னா, அந்தப் பதவியால யாருக்கு என்ன பயன்?

இன்னொரு விஷயம், பல பேருக்குத் தெரியாது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்னு 3 பேர் உட்காரணும். அவங்க வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவங்களா இருக்கணும் என்கிறது யுஜிசி-யின் 2015 விதி. ஹெச்ஓடி கைகாட்டின ஆள் கணக்கில்லை. பேரவைப் பொறுப்பாளர் முதல் வாரமே கேட்க வேண்டியது: நம்ம கல்லூரியில் அந்த 3 பேர் யார், அவங்களை எப்போ தேர்ந்தெடுத்தோம்?

"எங்க காலேஜ்ல தேர்தலே கிடையாது அண்ணா"ன்னு சொல்றவங்கதான் நிறைய பேர். 4 வருஷம் படிச்சு ஒரு ஓட்டும் போடாம வெளியே வந்த இன்ஜினியர்கள் நம்மில் எத்தனை பேர்! நியமன முறை இடைக்கால ஏற்பாடு மட்டுமே என்று அதே லிங்டோ குழு சொல்லியிருக்கு. அதைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதுங்க. வகுப்புக்கு 10 கையெழுத்து வாங்கி முதல்வர்கிட்ட கொடுங்க. கட்சி லெட்டர்பேட் வேண்டாம், உங்க ஐடி கார்டு போதும்.