முதலில் அந்தப் புழுவை ஏற்றிக் காட்டுங்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. ரசம் வரும் நேரத்தில், எதிர் இலையில் இருந்த மென்பொருள் தம்பி, "இன்னும் இருபது வருஷம் தாக்குப்பிடிச்சா போதும் அங்கிள், அப்புறம் சாவே கிடையாது. மூளையை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்" என்றார். வரிசையே தலையாட்டியது. ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர் முகம் மட்டும் வாடிப்போனது.

சாவே கிடையாதாம். இவர்களெல்லாம் படித்தவர்கள், ஜோசியக்காரரைக் கண்டால் சிரிப்பவர்கள். ஆனால் மனிதனும் இயந்திரமும் 2045இல் ஒன்றாகிவிடும் என்று அமெரிக்க எதிர்காலவியலாளர் ரே கர்ஸ்வைல் வருடம் குறித்துக் கொடுத்தால் வாய்பொத்திக் கேட்பார்கள்.

இவர்களுக்கு ஒரு புழுவைக் காட்ட வேண்டும். பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மூன்று வார ஆயுள். நரம்பு செல்கள் மொத்தமே 302. நமக்கோ ஏறத்தாழ 8,600 கோடி. கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழு இந்தப் புழுவை மெல்லிய சீவல்களாகச் சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, எந்த நரம்பு எதைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தடம் பிடித்தது. முழு வரைபடம் 1986இலேயே வெளிவந்துவிட்டது.

புழு கம்ப்யூட்டரில் ஏறியதா? இல்லை. 2011இலிருந்து ஓப்பன்வர்ம் என்ற பெயரில் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2014இல் அந்த வரைபடத்தை ஒரு லெகோ வண்டியில் ஏற்றினார்கள். சுவரை நெருங்கியதும் வண்டி நின்று பின்வாங்கியது. புழுவின் மனமே ரோபோவுக்குள் வந்துவிட்டது என்று செய்தி பறந்தது. சுவரில் முட்டித் திரும்பும் காரைப் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கலாம், அதற்குப் புழுவைச் சீவ வேண்டியதில்லை.

ஏன் ஏறவில்லை? எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் வரைபடம் சொல்லும். அந்த இணைப்பு எவ்வளவு வலுவானது, எப்போது மாறும் என்பதெல்லாம் அதில் இல்லை. இது போதாதென்று, நரம்புகள் பெப்டைடு என்ற வேதிப்பொருள்களைக் கசியவிட்டு, தொடுப்பே இல்லாத தூரத்து நரம்போடும் பேசிக்கொள்கின்றன. பசித்த புழுவுக்கும் தின்ற புழுவுக்கும் வயரிங் ஒன்றுதான், நடத்தை வேறு. பசிக்க ஓர் உடம்பு வேண்டாமா?

302க்கே இந்தக் கதி. 2024இல் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் வரைந்தன. அதற்கே 1,400 டெராபைட் பிடித்தது. நரம்பியல் விஞ்ஞானி ஹென்றி மார்க்ராம் 2009இல் மேடையேறி, பத்தே வருடத்தில் செயற்கை மனித மூளை என்றார். அதை நம்பி ஐரோப்பா 2013இல் தொடங்கிய பெருந்திட்டம் 2023இல் முடிந்தது. வரைபடங்கள் வந்தன, மென்பொருள்கள் வந்தன. மூளையைக் காணோம்.

"ஆனா ஏ.ஐ. பேசுதே அங்கிள்!" என்பார் தம்பி. பேசும். 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் சின்ன நிரல். அதோடு தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவருடைய செயலாளரே அவரிடம் சொன்னார். 2022இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமோய்ன், அந்நிறுவனத்தின் உரையாடல் நிரலான லாம்டாவுக்கு உணர்வு வந்துவிட்டது என்று சத்தியம் செய்யாத குறை. புழு பேசாது, அதனால் அதன் பக்கம் வாதாட ஆளில்லை. எனக்கென்னவோ அந்த 302 செல்களில்தான் ஏதோ இருக்கிறது என்று படுகிறது.

'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் உருவாக்கி ஒரு பாட்டு வந்தது. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்துச் செய்தார் ஏ.ஆர். ரஹ்மான், அதில் எனக்குக் குறையில்லை. அதைக் கேட்டு, "ஆளே திரும்பி வந்துட்டாருப்பா" என்று உருகியவர்களிடம்தான் என் குறை. வந்தது குரல். குரலுக்குரியவர்கள் வரவில்லை.

நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் இப்போது இயந்திரம்தான் பேசுகிறது. பிடித்த பணம் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்கிறது. என்ன புரிந்தது? ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு மறுபடியும் அதற்குப் புரிகிறதாம். பணம் பிடிக்கும்போது மட்டும் புரிதல் எதுவும் தேவைப்படுவதில்லை.

மூளையை ஏற்றலாம் என்ற நம்பிக்கையிலும் காசு பார்க்கிறார்கள். நெக்டோம் என்ற அமெரிக்க நிறுவனம், பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மூளையைப் பதப்படுத்தித் தருகிறோம் என்று 2018இல் 10,000 டாலர் முன்பணம் வாங்கியது. உயிர் இருக்கும்போதே ரசாயனத்தை ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஆள் காலி. ஒளிவுமறைவில்லை, நிறுவனமே சொன்னது. அப்படியும் வரிசையில் நின்றார்கள். எப்படியும் அந்தத் தொழிலில் சேவை சரியில்லை என்று புகார் கொடுக்க ஒரு வாடிக்கையாளரும் திரும்பி வரப்போவதில்லை.