மயிர் வளர்க்கும் மாத்திரை

தலைமயிர் வளரவேண்டுமானால் வைட்டமின் மாத்திரை விழுங்கவேண்டும் என்கின்ற ஒரு புது நம்பிக்கை மக்களிடம் வெகு வேகமாய்ப் பரவிவருகின்றது. மருந்துக்கடையிலும் கைப்பேசி விளம்பரத்திலும் பயோட்டின் என்னும் பெயரே அடிபடுகின்றது. இதற்குக் காசு கொட்டுகின்ற தோழர்கள் சற்று யோசிக்கவேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு வேண்டிய பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராமேயாகும். முட்டை, ஈரல், மீன், நிலக்கடலை முதலிய சாதாரண ஆகாரங்களிலேயே அது கிடைத்துவிடுகின்றது. ஆதலால் அச்சத்துக் குறைவு மிக அரிது. அப்படியிருக்க, ஒரே மாத்திரையில் 10000 மைக்ரோகிராம் வரை வைத்து விற்கிறார்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் குடம் பெரிதாகுமா? சத்துக் குறையாதவருக்கு இதனால் மயிர் வளருமென்பதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. பரம்பரை வழுக்கைக்கும் இது மருந்தல்ல.

“எனக்கு வளர்ந்ததே!” என்று சிலர் சொல்லக்கூடும். கடுஞ்சுரமோ பிள்ளைப்பேறோ ஆன இரண்டு மூன்று மாதத்தில் மயிர் கொத்தாய் உதிருவதும், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அது தானே நின்று மறுபடி முளைப்பதும் இயற்கை. அந்த இடைக்காலத்தில் மாத்திரை தின்றவர் மாத்திரையைப் புகழுகிறார்; தைலம் தேய்த்தவர் தைலத்தைப் புகழுகிறார்; நேர்ந்துகொண்டவர் சாமியைப் புகழுகிறார். ஒன்றும் செய்யாதவருக்கும் வளர்ந்ததே, அவர் யாரைப் புகழுவது?

காசு போவதோடு நின்றாலும் பாதகமில்லை. வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் உள்ள மயிரும் உதிரும். அதிக பயோட்டினோ சில இரத்தச் சோதனைகளையே ஏமாற்றிவிடும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவை அது குறைத்துக் காட்டக்கூடுமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. மயிருக்காக உயிரைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகுமா?

மெய்யான குறை வேறிடத்தில் இருக்கின்றது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். அதற்கு ஒரு பெருங்காரணமாகிய இரும்புச்சத்துக் குறைவு, மயிர் உதிர்வதற்கும் காரணமாகலாம். வீட்டார் எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் பெண்ணின் தட்டைப் பாராமல், அவள் தலைக்கு மாத்திரை வாங்குவது என்ன நியாயம்?

ஆகவே, மயிர் அதிகமாய் உதிர்ந்தால் டாக்டரிடம் சென்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள். குறையிருந்தால் அந்தக் குறைக்கு மட்டும் மருந்து உண்ணுங்கள். இரத்தச் சோதனைக்குப் போகும்போது, தின்றுவரும் மாத்திரைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள். சாமியார் சொன்னாலும் சரி, விஞ்ஞானத்தின் பெயரால் வியாபாரி சொன்னாலும் சரி, “அத்தாட்சி எங்கே?” என்று கேட்டபிறகே மடியை அவிழுங்கள்.