வேப்பிலைக்கு அஞ்சுமோ நரம்பு?

ஜவ்வாது மலையின் காவலூரில், 1986ஆம் ஆண்டு முதல், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியை ஏந்தி வானை நோக்கி நிற்கிறது வைணு பாப்பு தொலைநோக்கி. எட்டாத் தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியைப் பிடித்து, அதன் இயல்பை எடுத்துரைக்கிறது. விண்மீனை அளந்துவிட்டான் மனிதன்! தோள்மீது தான் சுமந்து திரியும் தலைக்குள் நடப்பதை உணர்ந்தானா?

இளம்பெண் ஒருத்திக்கு வலிப்பு வருகிறது. கண் செருகுகிறது, கை வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது. ஓடுகிறார்கள் - மருத்துவரிடமா? இல்லை, மந்திரவாதியிடம்! உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை வீசப்படுகிறது. 'மலைவாசிகளின் அறியாமை' என்று நகைத்திட வேண்டாம், நகரத்துத் தோழர்களே! பட்டம் பெற்றோர் வாழும் மாடி வீட்டிலும் வலிப்புற்றவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்களே, அது எந்தப் பல்கலைக்கழகத்துப் பாடம்?

மண்டை ஓட்டுக்குள் மூளை, முதுகெலும்புக்குள் தண்டுவடம். இவ்விரண்டும் சேர்ந்ததே மைய நரம்பு மண்டலம். எண்ணமும் சொல்லும் பெருமூளையின் பணி. தடுமாறாத நடை சிறுமூளையின் பொறுப்பு. மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் முகுளமே காவல். தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள்! அவை பேசும் மொழி மின்துடிப்பு. ஜெர்மன் நாட்டு ஹான்ஸ் பெர்கர், 1924இல், மனிதத் தலையிலிருந்து அந்தத் துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். அணுக்கள் முறைவைத்துப் பேசும்வரை உடலில் ஒழுங்கு. பெருங்கூட்டமாய் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால், அதுவே வலிப்பு.

மூளையின் வலப்பாதி, உடலின் இடப்பக்கத்தை ஆள்கிறது. வலப்பாதியில் கையை இயக்கும் இடத்திலே கோளாறு என்றால், துடிப்பது இடக்கை. ஆட்டுவது ஆவியென்றால், அந்த ஆவி உடற்கூற்று நூலைக் கற்றுத் தேர்ந்த பிறகுதான் உள்ளே நுழைந்ததோ?

"பூசாரி வந்தார், வலிப்பு நின்றதே!" என்பர். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கும். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்போமா?

மலைக்கு வடகிழக்கே வேலூர். அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், 1949இல், நரம்பு நோய்களுக்கென இந்தியாவின் முதல் துறையைத் தொடங்கினார் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அக்கல்லூரி மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதென்ன? வேலூர் மாவட்டத்தில் வலிப்புற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம், மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கட்டி! புழுவுள்ளவரின் மலத்தில் முட்டை; கழுவாத கையும் தூய்மையற்ற உணவும் அதற்கு வாகனம். பன்றி இறைச்சியைத் தொட்டறியாத ஆசாரசீலரையும் அது விடுவதில்லை. பேய் என்றீர்களே, அது புழு! அதை விரட்டும் கருவி வேப்பிலையன்று. கழிப்பறை, சோப்பு, தூய நீர், மருந்து!

மூளையின் நோயை ஆவியின் வேலையென்று கொண்டதற்கு நாடு தந்த விலை சிறிதா? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், நலம் தேடி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட தீயில் மாண்டனர். ஓடித் தப்ப வழியில்லை, காலிலே சங்கிலி! அவர்கள் செய்த குற்றம்? நோயுற்றது!

தக்க மருந்தை முறையாக உண்டால், வலிப்புற்றோரில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே இளைஞனே, உன் தெருவிலே ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால், சாவியைத் தேடாதே. ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லையெனில் மருத்துவமனைக்குக் கொண்டு செல். உடுக்கையோடு ஒருவன் வந்தால், வாசலிலே மறித்துக் கேள்: "ஐயா, இடக்கை ஏன் துடிக்கிறது?"

விடை தெரியாதவன் திரும்பிச் செல்லட்டும். விடை தெரிந்த மருத்துவர் உள்ளே வரட்டும்!