நாய்க் காப்பகத்தில் மலம் அள்ளப்போவது யார்?

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கும்படி 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலைக்கு ஆள்? ஏரியூர் டீக்கடையில் ஒருவர் சட்டென்று சொன்னார்: "ஜெயில்ல சும்மா தின்னுட்டுக் கெடக்கறானுங்களே, அவனுங்கள விடுங்க."

அப்படிக் கிடப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தண்டனையே பெறாதவர்கள். தண்டனை பெற்றவர்களுக்கும் வேலை சாதி பார்த்தே பிரிக்கப்பட்டது. சமையலுக்கு உயர்சாதி, துப்புரவுக்குத் தலித் என்று சில மாநிலங்களின் சிறை விதிகளே எழுதிவைத்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் அவை செல்லாதென்று தீர்ப்பு வந்தது. விதியை அடித்துவிட்டார்கள், சரி. வேலை பிரிக்கும் அதிகாரியின் பழக்கத்தை? காப்பகத்தில் ஊசி போடக் கற்பவர் யார், மலம் அள்ளுபவர் யார்? செத்த மாட்டைத் தூக்க எந்தத் தெருவுக்கு ஆள் போகும் என்பது எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நாய் வளர்ப்பது இழிவல்ல. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது அரசு சம்பளம் கொடுத்து நிரப்ப வேண்டிய பணியிடம். கைதி விரும்பி வந்தால் வரட்டும். குறைந்தபட்சக் கூலி, கையுறை, ரேபிஸ் தடுப்பூசி, விடுதலைக்குப் பின் அதே காப்பகத்தில் வேலை என எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கைதிக்கு நியாயமான கூலி தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1998-லேயே தீர்ப்பளித்துவிட்டது.